கூகுளில் நம் கடை தெரிய வேண்டுமா? வணிகர்கள் கேட்கும் கேள்விகளும் விடைகளும்



பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பார்கள். வாசனையே ஆளைக் கூட்டி வந்துவிடும். பருப்பு மூட்டைக்கும் வற்றல் மூட்டைக்கும் அந்த வசதி இல்லை. வெளியூர் வியாபாரி ஒருவருக்குச் சரக்கு தேவைப்பட்டால், தரகரைக் கூப்பிடுவதற்கு முன்பே கையிலுள்ள செல்போனில் தேடிப் பார்த்துவிடுகிறார். அடுத்த தெருவில் குடியிருப்பவர்கூடக் கடை திறந்திருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டுத்தான் வீட்டுப் படி இறங்குகிறார்.

இதை உணர்ந்துதான் நம்மில் பலரும் சொந்தமாக இணையதளம் போட்டிருக்கிறோம். போட்ட பிறகு எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: "பணம் செலவழித்தாயிற்று, தேடினால் நம் கடை வரவில்லை, எதிர்க்கடைதான் வருகிறது." இந்தக் குறையை மோப்பம் பிடித்தாற்போலத் தினமும் போன் அழைப்புகள் வருகின்றன. "உங்கள் கடையைக் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து விடுகிறோம், மாதம் இத்தனை ஆயிரம் கட்டினால் போதும்" என்கிறார்கள். கட்டியவர்களில் சிலர் பணத்தோடு தங்கள் இணையதளத்தின் சாவியையும் இழந்து நிற்கிறார்கள்.

தேடுபொறியில் நம் தளம் நன்றாகத் தெரியும்படி அதைச் சீர்செய்யும் வேலைக்குச் 'சர்ச் என்ஜின் ஆப்டிமைசேஷன்' என்று பெயர். சுருக்கமாக எஸ்.இ.ஓ. என்பார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கடைக்குப் பெயர் எடுப்பதற்கு நாம் என்னவெல்லாம் செய்கிறோமோ அதைத்தான் இங்கும் செய்ய வேண்டியிருக்கிறது. உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூகுள் எப்படி நம் கடையைக் கண்டுபிடிக்கிறது?

கூகுள் நிறுவனம் 1998-இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு ஆராய்ச்சி மாணவர்களால் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதன் வேலையை மூன்று படியாகப் புரிந்துகொள்ளலாம். முதலில், அதன் கம்ப்யூட்டர்கள் இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பைப் பிடித்துக்கொண்டே சுற்றி வருகின்றன. சந்தையை ஒரு சுற்று சுற்றி எந்தக் கடையில் என்ன சரக்கு என்று பார்த்து வருவது போன்றது இது. இரண்டாவதாக, பார்த்ததைப் பேரேட்டில் பதிவு செய்துகொள்கிறது. மூன்றாவதாக, யாராவது தேடும்போது அந்தப் பேரேட்டைப் புரட்டி, கேட்டவருக்குப் பொருத்தமானவற்றை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. நாம் தேடும்போது கூகுள் இணையம் முழுவதையும் அப்போதே அலசுவதில்லை, தன் பேரேட்டை மட்டுமே பார்க்கிறது. பேரேட்டில் ஏறாத கடை எத்தனை பெரிய கடையானாலும் தெரியாது.

வரிசைப்படுத்துவதில் பேஜும் பிரினும் கொண்டுவந்த புதுமை, ஒரு பக்கத்தை மற்ற எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டிக் காட்டுவோரின் தராதரம் என்ன என்று பார்த்ததுதான். நாலு பெரிய மனிதர்கள் "அவரிடம் சரக்கு சுத்தமாக இருக்கும்" என்று சொன்னால் அந்தக் கடைக்கு மதிப்பு கூடுகிறதல்லவா, அதே கணக்கு. இன்றைக்கு அதனோடு இன்னும் பல அம்சங்களும் சேர்ந்துவிட்டன. ஆயினும் அடிப்படை அதுவேதான்.

பணம் கட்டினால் முதலிடம் கிடைக்குமா?

கிடைக்காது. விளம்பரம் வேறு, தேடல் முடிவு வேறு. பணம் கட்டி வரும் விளம்பரம், விளம்பரம் என்ற குறிப்போடு தனியாகத் தெரியும். பணம் நின்ற அன்றைக்கு அதுவும் நின்றுவிடும். மற்றபடி இயல்பாக வரும் வரிசையில் ஒருவரை மேலே ஏற்றுவதற்கோ, அடிக்கடி வந்து பார்ப்பதற்கோ கூகுள் பணம் வாங்குவதில்லை. இதை அந்நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்றும் அதுவே எச்சரிக்கிறது.

ஆகவே "முதலிடம் நிச்சயம்" என்று ஒருவர் சொல்கிறார் என்றால், ஒன்று அவருக்குத் தொழில் தெரியாது, இல்லையேல் யாருமே தேடாத ஒரு நீளமான சொற்றொடரில் முதலிடம் காட்டிவிட்டுப் பணம் கேட்கப் போகிறார். நம் கடையின் முழுப் பெயரைத் தட்டினால் நம் கடைதான் முதலில் வரும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைக்குள் உட்கார்ந்து நம் போனிலேயே தேடிப் பார்த்து, "இதோ வந்துவிட்டது" என்று மகிழக் கூடாது. தேடுபவர் இருக்கும் இடத்தைப் பொறுத்து முடிவுகள் மாறும். நம் வாசலில் நின்று பார்த்தால் தெரியும் கடை, திருச்சியிலிருந்து தேடும் வியாபாரிக்குத் தெரியாமல் போகலாம்.

தளம் போட்டு ஆறு மாதமாகியும் வரவே இல்லையே?

முதலில் பேரேட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கூகுளின் தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் நம் இணையதள முகவரியைத் தட்டினால், அந்தத் தளத்திலிருந்து கூகுள் எடுத்துக்கொண்ட பக்கங்கள் வரும். ஒன்றுகூட வரவில்லையென்றால் கோளாறு அடிப்படையிலேயே இருக்கலாம்.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்றுண்டு. தளம் செய்து தரும் தம்பிகள், வேலை முடியும்வரை வெளியில் தெரிய வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குத் தடை போட்டு வைப்பார்கள். பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் முறையில் இதற்கென்றே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் டிக் அடித்தால் போதும். வேலை முடிந்த பின் அந்த டிக்கை எடுக்க மறந்துவிடுவார்கள். கடையைத் திறந்து வைத்துவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டது போலத் தளம் மாதக்கணக்கில் கிடக்கும்.

இதையெல்லாம் கண்காணிக்கக் கூகுளே 'சர்ச் கன்சோல்' என்ற வசதியை இலவசமாகத் தருகிறது. எந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் அதை அழுத்தி உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கம் பேரேட்டில் ஏறவில்லை, ஏன் ஏறவில்லை என்ற விவரமெல்லாம் அதில் கிடைக்கும். கடந்த 16 மாதக் கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். ஏஜெண்டு தரும் அறிக்கையை நம்புவதைவிட, இந்தக் கணக்கை நாமே திறந்து பார்ப்பது நல்லது. தினமும் சிட்டை பார்ப்பவர்களுக்கு இது கடினமான காரியமல்ல.

நிறைய 'கீவேர்டு' போட வேண்டும் என்கிறார்களே?

முன்பு பக்கத்தின் பின்புறத்தில், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி நூறு சொற்களை அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தது. அந்தக் கீவேர்டு பட்டியலை வரிசைப்படுத்துவதற்குத் தான் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே கூகுள் அறிவித்துவிட்டது. இன்றும் அதற்கென்று தனியாகக் கூலி கேட்பவர்கள் இருக்கிறார்கள்; கொடுக்க வேண்டாம். ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப எழுதுவதும் பயன் தராது, படிப்பவருக்கு எரிச்சலைத்தான் தரும். பக்கத்துக்கு இத்தனை வார்த்தை இருந்தால்தான் கூகுள் மதிக்கும் என்பதும் கட்டுக்கதையே.

உண்மையில் கவனிக்க வேண்டியது வாங்குபவரின் வாய்ச்சொல். நாம் மண்டியில் பேசும் பெயர் ஒன்று, அவர் தேடும் பெயர் வேறாக இருக்கும். தென் மாவட்டங்களில் மிளகாய் வற்றல் என்கிறோம். கோவை, ஈரோடு பக்கம் வரமிளகாய் என்பார்கள். சென்னையில் காய்ந்த மிளகாய். நாம் மல்லி என்பதை இன்னோர் ஊரில் தனியா என்பார்கள். நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை எல்லாம் ஒரே சரக்குதான். பலர் தமிழ்ப் பெயரையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். வெளி மாநிலத்தார் ஆங்கிலப் பெயரில் தேடுகிறார்கள். நம் பக்கத்தில் "மிளகாய் வற்றல்; வரமிளகாய், காய்ந்த மிளகாய் என்றும் சொல்வார்கள்" என்று இயல்பாக ஒரு வரி எழுதி, ஆங்கிலப் பெயரையும் சேர்த்துவிட்டால் போதும். தினமும் போனில் கேட்பவர்கள் என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். எந்த நிபுணரும் தர முடியாத பட்டியல் அதில் கிடைக்கும்.

பக்கங்களை எப்படி அமைப்பது?

எல்லாச் சரக்கையும் ஒரே பக்கத்தில் கொட்டாமல், முக்கியச் சரக்குக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தலைப்பு உண்டு. கூகுள் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அதுதான். நம்மவர் தளங்களில் பாதிக்கு மேல் எல்லாப் பக்கத்துக்கும் 'ஹோம்' என்றோ கடைப் பெயர் மட்டுமோதான் இருக்கிறது. "குண்டு மிளகாய் வற்றல் மொத்த விற்பனை" என்று எழுதி, கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்த்தால், பார்ப்பவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும்.

உள்ளே எழுத வேண்டியது, கடைக்கு வந்த வியாபாரியிடம் நாம் வாயால் சொல்வதைத்தான். உதாரணமாக, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயை விற்பவர், அதன் உருண்டை வடிவம், தடித்த தோல், சம்பா வற்றலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம், மூட்டை எத்தனை கிலோ, குறைந்தபட்சம் எவ்வளவு எடுக்க வேண்டும், லாரி ஆபீஸ் எது, மாதிரி அனுப்புவாரா என்றெல்லாம் எழுதலாம். உற்பத்தியாளர் கொடுத்த வாசகத்தையே ஐம்பது கடைக்காரர்களும் அப்படியே போட்டிருந்தால், கூகுள் அதில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக் காட்டும். மற்றவர்களுக்குத் தண்டனை ஒன்றும் இல்லை, ஆனால் காட்டுவதற்குக் காரணமும் இல்லை. நம் அனுபவத்தில் அறிந்ததை எழுதினால் அது வேறு எங்கும் இருக்காது.

இரண்டு தொழில்நுட்ப விஷயங்களையும் மறக்கலாகாது. விலைப் பட்டியலைப் படம் பிடித்து ஒட்டிவிடுவது நம்மிடையே பரவலாக இருக்கிறது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்கக் கூடாது. முக்கிய விவரத்தை எழுத்தாகவே தட்டச்சு செய்து போட வேண்டும். அடுத்தது, தமிழ் எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கம்ப்யூட்டருக்குள் அது ஆங்கில எழுத்துக் குவியல்தான். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய தளம் வைத்திருப்பவர்கள் தமிழ்ப் பகுதி யூனிகோடில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இணைப்புகளை விலைக்கு வாங்கலாமா?

மற்றவர் சுட்டிக் காட்டினால் மதிப்பு கூடும் என்றவுடன், காசு கொடுத்துச் சுட்டிக்காட்டச் செய்யும் வியாபாரம் முளைத்துவிட்டது. "ஆயிரம் பேக்லிங்க் இத்தனை ரூபாய்" என்று விற்கிறார்கள். இது கூகுளின் விதிகளுக்கு விரோதமானது.

இதற்கு நம் போன்ற வணிகர்கள் அறிய வேண்டிய உதாரணம் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. ஜே.சி. பென்னி என்பது 1902-இல் தொடங்கிய பெரிய ஜவுளி மற்றும் பலசரக்கு நிறுவனம். அதற்கு 1,000-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. 2010-ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரை விரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் அந்தக் கடையே முதலில் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை ஆராய்ந்து, சம்பந்தமே இல்லாத தளங்களில் அந்தக் கடைக்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் காசு கொடுத்து வைக்கப்பட்டிருப்பதை வெளியிட்டது. விவரம் தெரிந்ததும் கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு வகைப் பயணப் பெட்டியைத் தேடினால் முதலிடத்தில் இருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. இந்த இணைப்புகள் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம். எஸ்.இ.ஓ. வேலையைப் பார்த்து வந்த ஆலோசனை நிறுவனத்தையும் நீக்கிவிட்டது. ஏஜெண்டு செய்ததாயினும் இடம் இறங்கியது கடைக்குத்தான்.

2012 ஏப்ரலில் இத்தகைய இணைப்புகளைக் குறிவைத்தே 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் தாங்கிக்கொண்டது. நம் போன்ற ஒரு கடை அப்படி இறங்கினால் ஏறி வர எத்தனை நாளாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

நேர் வழியில் இணைப்பு பெறவும் வாய்ப்பு இருக்கிறது. நாம் டீலராக இருக்கும் கம்பெனியின் தளத்தில் டீலர் பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா? சங்கத்தின் தளத்தில் இருக்கிறதா? நாம் உதவி செய்யும் கோயில், பள்ளி, விழாக் குழுவின் தளத்தில் இருக்கிறதா? இவையெல்லாம் உண்மையான உறவுகள். உண்மையான உறவைச் சுட்டும் இணைப்புக்கு ஆபத்து இல்லை.

சில்லறைக் கடைக்கு இணையதளம் அவசியமா?

உள்ளூர் வாடிக்கையாளரை மட்டும் நம்பியிருக்கும் கடைக்கு முதல் தேவை இணையதளம் அல்ல, கூகுள் மேப்பில் தெரியும் 'பிசினஸ் புரொஃபைல்' என்ற பதிவுதான். முன்பு 'கூகுள் மை பிசினஸ்' என்றிருந்த பெயரை 2021-இல் இப்படி மாற்றினார்கள். இது முற்றிலும் இலவசம். இதற்குக் கட்டணம் என்று யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம்.

உள்ளூர்த் தேடலில் மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தேடியதற்கு நம் கடை பொருத்தமா, தேடுபவருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு பேர்பெற்ற கடை என்பவை அவை. தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் ஓரளவு நம் கையில் இருக்கின்றன. கடையின் வகையைச் சரியாகக் குறியுங்கள். மளிகை மொத்த வியாபாரம் செய்பவர் வெறும் 'ஸ்டோர்' என்று போட்டால் யார் கண்ணில் படும்? திறக்கும் நேரம், மதிய இடைவேளை, வார விடுமுறை, பண்டிகை விடுமுறை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். போனைப் பார்த்து வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பினால் மறுமுறை வரமாட்டார். முகவரியும் தொலைபேசி எண்ணும் போர்டு, பில், இணையதளம், ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

பெயரில் விளையாட வேண்டாம். போர்டில் உள்ள பெயர்தான் பதிவிலும் இருக்க வேண்டும். பெயரோடு "நம்பர் 1 மலிவு விலை மளிகை" என்றெல்லாம் ஒட்டினால் பதிவையே நிறுத்தி வைக்க விதியில் இடமிருக்கிறது. வாடிக்கையாளர் வராத குடோன் மட்டும் உள்ளவர்கள் முகவரியை மறைத்து, சரக்கு அனுப்பும் பகுதிகளை மட்டும் காட்டலாம்.

வெளியூருக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளின் நிலை வேறு. மேப் பதிவு மட்டும் போதாது. ரகம், அளவு, நிபந்தனை எல்லாம் விளக்கச் சொந்தத் தளம் வேண்டும்.

நட்சத்திர மதிப்பீட்டை வாங்கலாமா?

கூடாது. காசு, தள்ளுபடி, இலவசப் பொருள் எதைக் கொடுத்து எழுதச் சொன்னாலும் விதிமீறலே. திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதச் சொல்வதும் அனுமதிக்கப்படவில்லை. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை 2022-இல் வெளியிட்டிருக்கிறது.

எல்லா வாடிக்கையாளரிடமும் "முடிந்தால் ஒரு கருத்து எழுதுங்கள்" என்று பொதுவாகக் கேட்பதில் தவறில்லை. கல்லாப் பக்கத்தில் ஓர் அட்டை வைத்தாலே போதும். குறை எழுதியவருக்குக் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப் போவது அவர் மட்டுமல்ல, அடுத்து வரப்போகும் நூறு பேர். எடை குறைந்தது என்றோ சரக்கில் தூசி என்றோ ஒருவர் எழுதினால், "தவறாமல் மாற்றித் தருகிறோம், வாருங்கள்" என்று எழுதி, அதன்படி மாற்றியும் கொடுத்தால், அதைவிட நல்ல விளம்பரம் வேறில்லை.

செல்போனில் எப்படித் தெரிகிறது?

தளத்தைச் செய்து முடித்ததும் பெரிய திரையில் காட்டிப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். வாங்குபவர் பார்ப்பதோ செல்போனில். கூகுளும் தன் பேரேட்டில் ஏற்றுவதற்குச் செல்போனில் தெரியும் பக்கத்தையே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே தளத்தைச் செல்போனில், வீட்டு வைஃபை இல்லாமல், கடைத்தெருவில் நின்று திறந்து பாருங்கள். மெதுவாகத் திறந்தாலோ, எழுத்து பொடியாக இருந்தாலோ, தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாவிட்டாலோ திருத்தச் சொல்லுங்கள். முகவரியின் தொடக்கம் பாதுகாப்பான 'எச்.டி.டி.பி.எஸ்.' முறையில் இருக்க வேண்டும். இல்லாத தளங்களுக்குக் குரோம் பிரௌசர் 2018 முதல் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகு யார் ஆர்டர் போடுவார்கள்?

எத்தனை நாளில் பலன் தெரியும்?

சில மாற்றங்கள் சில மணி நேரத்திலும் தெரியலாம், சில பல மாதங்கள் எடுக்கலாம் என்று கூகுளே சொல்கிறது. புதுக் கடை போட்டவர் முதல் மாதமே லாபக் கணக்கு எழுதுவதில்லை, அதே பொறுமை இதற்கும் வேண்டும்.

பழைய தளத்தை மாற்றிப் புதிதாகப் போடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பக்கங்களின் முகவரி மாறினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். '301' என்று சொன்னால் தம்பிகளுக்குப் புரியும். கடையை இடம் மாற்றும்போது பழைய கதவில் போர்டு எழுதி வைப்பது போன்றது. அதைச் செய்யாமல் விட்டால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த பெயர் பழைய கதவோடு போய்விடும்.

ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

2024 ஆகஸ்டிலிருந்து நம் நாட்டிலும் சில தேடல்களுக்குக் கூகுள் தானே ஒரு சுருக்க விடையைத் தொகுத்து மேலே காட்டுகிறது. அதில் இடம்பெறத் தனி வித்தை எதுவும் தேவையில்லை, வழக்கமான தேடலுக்குச் செய்வதே போதும் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. ஆகவே "ஏ.ஐ.க்குத் தனிப் பேக்கேஜ்" என்று வருபவரிடமும் நிதானமாக இருங்கள். "மிளகாயில் என்ன சத்து" என்பது போன்ற பொதுக் கேள்விக்கு விடை மேலேயே கிடைத்துவிடுவதால் தளத்துக்கு வருவோர் குறையலாம். ஆனால் சரக்கு வாங்க வேண்டியவர் கடைக்கு வந்துதான் ஆக வேண்டும். அவருக்கு வேண்டிய விவரத்தில் நாம் கருத்தாக இருப்போம்.

ஏ.ஐ. கொண்டு எழுதுவது தானாகவே குற்றமல்ல. யாருக்கும் பயனில்லாத நூற்றுக்கணக்கான பக்கங்களை வரிசைக்காக மட்டும் உற்பத்தி செய்து குவிப்பதுதான் விதிமீறல். எழுதிக் கொடுத்ததை அப்படியே போடாமல், ரகமும் அளவும் சரியா என்று நாம் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தவறான விவரத்துக்கு வாடிக்கையாளரிடம் பதில் சொல்லப் போவது நாம்தான்.

சாவி யார் கையில்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டியது இதுதான். டொமைன் பெயர் என்கிற நம் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? நம் பெயரிலா, தளம் செய்து தந்தவர் பெயரிலா? அவர் தொழிலை விட்டுப் போனாலோ, பணத் தகராறு வந்தாலோ, புதுப்பிக்க மறந்தாலோ, போர்டிலும் பில்லிலும் அச்சடித்த அந்த முகவரி நம்மைவிட்டுப் போய்விடும். டொமைனை ஒரு தடவையில் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்யலாம். நம் பெயரில், நம் ஈமெயிலில், நம் கைபேசி எண்ணில் பதிவு செய்து, புதுப்பிக்கும் தேதியைக் கடை லைசென்ஸ் தேதியோடு சேர்த்துக் குறித்து வையுங்கள்.

இரவல் இடத்தில் கட்டிய வீட்டுக்கு என்ன கதியாகும் என்பதை அண்மையில் பார்த்தோம். பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் இலவசமாக ஒரு சிறு இணையதளமும் கொடுத்து வந்தது. சிறு கடைக்காரர்கள் பலர் அதையே நம்பியிருந்தார்கள். 2024 மார்ச்சில் அவை அனைத்தும் நிறுத்தப்பட்டன. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு அந்த அட்டை வீணாயிற்று. சொந்த டொமைன் வைத்திருந்தவர்கள் அதை வேறோர் இடத்துக்குத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள்.

பிசினஸ் புரொஃபைலிலும் சர்ச் கன்சோலிலும் உரிமையாளர் நாமாக இருக்க வேண்டும். வேலை செய்பவரை 'மேனேஜர்' என்ற அளவில் சேர்த்தால் போதும், வேண்டாதபோது நீக்கிவிடலாம். பதிவு ஏற்கெனவே பிறர் கையில் இருந்தால், உரிமை கோரி விண்ணப்பிக்கும் வழியைக் கூகுள் வைத்திருக்கிறது.

வேலைக்கு ஆள் வைக்கும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். என்னென்ன மாற்றம் செய்வீர்கள், எழுதிக் கொடுப்பீர்களா? இணைப்புகள் எங்கிருந்து வரும்? எல்லா பாஸ்வேர்டும் எங்கள் பெயரில் இருக்குமா? மாதக் கணக்கைச் சர்ச் கன்சோலில் காட்டுவீர்களா? நிறுத்தினால் எதை எடுத்துக்கொண்டு போவீர்கள்? நேர்மையான தொழிலாளி இவற்றுக்குச் சிரித்த முகத்தோடு விடை சொல்வார். அப்படிப்பட்டவர்களும் நிறையவே இருக்கிறார்கள். அவர்களுக்குரிய கூலியைக் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

சரக்கு சுத்தம், எடை சுத்தம், சொல் சுத்தம் என்றுதான் நம் முன்னோர் கடை நடத்தினார்கள். இணையத்திலும் இதைக் கடைப்பிடிக்கப் பெரிய செலவு ஆகாது. இந்த வாரம் முதல் வேலையாக, நம் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அடுத்ததாக நம் கடைப் பதிவில் நேரமும் எண்ணும் சரியா என்று பார்ப்போம். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அருகில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வணிகம் நம்முடையது, பிள்ளைகளின் விரல் நமக்கு உதவட்டும்.

வணிகம் தழைக்கட்டும்!